வேடந்தாங்கலின் கவுலும் நம் பிள்ளைகளின் கடமையும்



சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டையும் பாலாற்றுப் பாலத்தையும் கடந்து சென்றால் படாளம் வருகிறது. வெளியூர்க்காரர்கள் இவ்வூரை இரண்டு அடையாளங்களால் அறிவார்கள். ஒன்று, மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. மற்றொன்று, வேடந்தாங்கலுக்கும் கரிக்கிலிக்கும் திரும்பும் கூட்டுச்சாலை. மழைக்காலம் தொடங்கியதும் அச்சாலையில் பள்ளிப் பேருந்துகள் வரிசையாகத் திரும்புகின்றன. பிள்ளைகள் பறவைகளைப் பார்த்துவிட்டு, கட்டுச்சோறு உண்டு, மாலையில் வீடு திரும்புகிறார்கள். அந்தப் பறவைகள் இன்றும் அங்கே இருப்பதற்குக் காரணமான ஒரு பழைய வரலாறு உண்டு. அதைச் சொல்லி அனுப்புவோர் குறைவு.

பருவநிலை மாற்றம் குறித்து மாணவர்கள் உலகெங்கும் குரல் எழுப்பிவரும் காலம் இது. ‘உலகக் குடிமைக் கல்வி’ என்ற சொல் பாடத்திட்ட ஆவணங்களில் இடம் பெற்றுவிட்டது. நம் சமுதாயப் பெற்றோர்கள் இதைக் குறித்து இரண்டு கேள்விகளை நம்மிடம் கேட்கிறார்கள். இது தீனுக்கு வெளியே உள்ள விவகாரம் அல்லவா என்பது ஒன்று. நம் பிள்ளை இதில் தலையிட்டால் அவனுக்கு ஏதேனும் ஆகிவிடாதா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைப் பலர் தணிந்த குரலிலேயே கேட்கிறார்கள். இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. படாளம் கூட்டுச்சாலையில் மேற்கே திரும்பினால் போதும்.

1798: ஒரு கிராமத்தின் முறையீடு

தாங்கல் என்றால் சிறிய ஏரி. செங்கல்பட்டு வட்டாரத்தில் ஏரியும் தாங்கலும் மடுவும் இல்லாத ஊர் அரிது. பெரிய ஆறுகளை நம்ப முடியாத இந்நிலத்தில், வடகிழக்குப் பருவமழை தரும் சில வார நீரைத் தேக்கிவைத்து ஆண்டு முழுவதும் வாழக் கற்றவர்கள் நம் முன்னோர். ஒரு தாங்கல் நிரம்பி வழிந்தால் அந்த நீர் அடுத்த தாங்கலுக்குச் செல்லும். கலங்கலும் மதகும் வரத்துக்கால்வாயும் அறியாத உழவர் இங்கு இருந்ததில்லை.

வேடந்தாங்கல் என்ற பெயருக்கு வேடனின் தாங்கல் என்று பொருள் சொல்வார்கள். வேட்டையின் பெயரைத் தாங்கிய ஊரே வேட்டையைத் தடுத்த ஊராக மாறியது வியப்புக்குரியது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் ஆண்டுதோறும் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. அந்த நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது உரமாகிறது. எச்சத்தில் உள்ள தழைச்சத்தைப் பற்றி வேதியியல் நூல் எழுதப்படுவதற்கு முன்பே, அவ்வூர் உழவர்கள் தம் நெற்கதிரைப் பார்த்து அதை அறிந்திருந்தார்கள். ஆகவே பறவையைக் காப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. பிழைப்பாகவும் அறமாகவும் இருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், செங்கல்பட்டில் தங்கியிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் துப்பாக்கிக்கு எதிராகத் தடியெடுக்கவில்லை. ‘நமக்கேன் வம்பு’ என்று கதவை அடைத்துக்கொள்ளவும் இல்லை. அன்றைய கலெக்டரிடம் சென்று முறையிட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘ஜாகீர்’ என்று அழைக்கப்பட்ட இப்பகுதிக்கு அப்போது கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரையோடு சேர்த்து இன்றும் இவ்வட்டார மக்களால் பேசப்படுபவர் அவரே. 1798 ஆம் ஆண்டு, ஏரியில் எவரும் பறவைகளைச் சுடக்கூடாது என்ற ஊராரின் உரிமையை ஏற்று, அவர் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார்.

‘கவுல்’ என்னும் சொல்லைச் சற்று நின்று கவனிப்போம். நிலவரி ஆவணங்களில் வழங்கிய இச்சொல், அரபியில் ‘கவ்ல்’ என்பதிலிருந்து வந்தது. சொல், வாக்கு என்று அதற்குப் பொருள். நம் மத்ரஸா மாணவர்கள் ஸர்ஃபு பாடத்தில் ‘கால, யகூலு, கவ்லன்’ என்று மனனம் செய்கிறார்களே, அதே சொல்தான். முகலாயர், நவாபு காலத்து நிர்வாக மொழியின் வழியாக அது தமிழ் உழவனின் நாவிற்கு வந்து சேர்ந்தது. ஆக, வேடந்தாங்கலைக் காத்தது ஒரு வாக்கு. அதிகாரத்தில் இருந்தவர் கொடுத்தார். கேட்டுப் பெற்றவர்கள், பெயர்கூட எழுதிவைக்கப்படாத சாதாரணக் குடிமக்கள்.

ஹிமா: காக்கப்பட்ட நிலம்

இச்செய்தி இஸ்லாமிய வரலாற்றை அறிந்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. அறியாமைக் காலத்து அரபுத் தலைவர்கள் நல்ல மேய்ச்சல் நிலங்களைத் தமக்கென்று வளைத்துக்கொண்டு, அதற்கு ‘ஹிமா’ என்று பெயரிட்டனர். நபி (ஸல்) அவர்கள் அந்தத் தனியுடைமையை ஒழித்தார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் மட்டுமே உரியது என்று அறிவித்து, அதனைப் பொதுநலனுக்கான காப்பு நிலமாக மாற்றினார்கள். மதீனாவிற்கு அருகே நகீஃ என்னும் இடம் அவ்வாறு காக்கப்பட்டது. மதீனா நகரைச் சுற்றியும் எல்லை வகுக்கப்பட்டு, அதற்குள் மரம் வெட்டுவதும் வேட்டையாடுவதும் தடுக்கப்பட்டன.

உமர் (ரலி) அவர்கள் ரபதா என்னும் இடத்தை ஹிமாவாக்கி, ஹுனை என்ற பணியாளரை அதற்குப் பொறுப்பாளராக நியமித்தபோது சொன்ன அறிவுரை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஆடுகளும் சில ஒட்டகங்களும் மட்டுமே உடைய ஏழைகளை உள்ளே விடும்படியும், அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சும்படியும் அவர்கள் கூறினார்கள். நிலத்தைக் காக்க வேண்டும். ஆனால் அந்தக் காவலின் சுமை ஏழையின் தலையில் விழக்கூடாது. பருவநிலை குறித்து இன்று உலக மாநாடுகளில் ‘பருவநிலை நீதி’ என்று பேசப்படும் கருத்தின் சாரம் இந்த அறிவுரையில் அடங்கியுள்ளது.

இன்னொரு நிகழ்ச்சியையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனைத் துன்புறுத்தியவர் யார் என்று வினவி, குஞ்சுகளைத் திரும்பக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள். அபூதாவூதில் இடம்பெறும் இந்த ஹதீஸை மனத்தில் வைத்துக்கொண்டு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றால், 1798 ஆம் ஆண்டு ஊராரின் முறையீடு நமக்கு அந்நியமாகத் தெரியாது. பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ஸூரத்துல் அன்ஆம் நமக்கு அறிவிக்கிறது. சமுதாயம் என்பதற்கு அங்கே ‘உம்மத்’ என்ற சொல்லின் பன்மையே ஆளப்பட்டுள்ளது.

வாக்கு சட்டமான கதை

கவுல் ஒரு தொடக்கமாகவே இருந்தது. 1936 ஆம் ஆண்டு வேடந்தாங்கல் ஏரி பறவைகள் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் கீழ் 1998 ஆம் ஆண்டு ஏரியும் அதைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் சுற்றளவும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. கவுல் எழுதப்பட்டுச் சரியாக 200 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எந்த வாக்கும் தானாக நிலைப்பதில்லை. 2020 ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்குக் காலத்தில், அந்த 5 கிலோமீட்டர் எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு ஒன்று வெளியே தெரியவந்தது. எல்லைக்குள் இயங்கிய ஒரு மருந்துத் தொழிற்சாலையின் விரிவாக்கத் திட்டமும் அதே சமயம் பேசுபொருளானது. வீட்டைவிட்டு வெளியே வர முடியாத காலம் அது. அப்போதும் சூழல் அமைப்புகளும் பறவை ஆர்வலர்களும் மாணவர்களும் கடிதங்கள் எழுதினர். வரைபடங்களை எடுத்துக்காட்டி விளக்கினர். நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அதைப் பேசின. 2022 ஆம் ஆண்டு வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. ராம்சர் என்பது ஈரான் நாட்டில் காஸ்பியன் கடலோரத்தில் உள்ள ஊர். ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை 1971 ஆம் ஆண்டு அங்கே கையெழுத்தானது.

ஒரு முஸ்லிம் நாட்டின் கடற்கரை ஊரில் செய்யப்பட்ட ஒப்பந்தம், மதுராந்தகம் வட்டத்துச் சிற்றேரி ஒன்றுக்குப் பொருந்துவது எப்படி? விடையைப் பறவைகளிடம் கேட்க வேண்டும். இங்கே கூடு கட்டும் நாரைகளோடு, வடக்கு ஆசியாவிலிருந்து நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் குளிர்காலத்தைக் கழிக்க வந்து சேர்கின்றன. அவை கடந்துவரும் நாடுகளில் ஏதேனும் ஒன்றில் ஓர் ஏரி தூர்க்கப்பட்டால், இங்கே நம் பிள்ளைகள் எண்ணும் கணக்கில் குறைவு தெரியும். இங்கே நாம் தூர்த்தால் அங்கே தெரியும். உலகக் குடிமை என்னும் கருத்துக்கு இதைவிட எளிய பாடம் கிடையாது.

கடற்கரையில் மாணவர்கள்

சுற்றுச்சூழலுக்காக மாணவர்கள் இயங்குவது மேலை நாட்டிலிருந்து அண்மையில் இறக்குமதியான வழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் கடற்கரையின் வரலாறு வேறு செய்தி சொல்கிறது.

பங்குனி ஆமைகள் ஆண்டுதோறும் ஜனவரி முதல் சென்னை, கோவளம், மாமல்லபுரம் கரைகளில் ஏறி முட்டையிடுகின்றன. 1970-களின் தொடக்கத்திலேயே, சென்னையில் இயற்கை ஆர்வலர் சிலர் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளைப் பத்திரப்படுத்தத் தொடங்கினர். பிறகு அரசு நிறுவனங்கள் அப்பணியைச் சில ஆண்டுகள் நடத்தின. அது நின்றபோது, 1988 ஆம் ஆண்டு கல்லூரி மாணவர்கள் தாமாகவே ஒன்றுகூடி ‘மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு’ ஒன்றைத் தொடங்கினர். பதவியோ சம்பளமோ இல்லாத பணி அது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நள்ளிரவில் மணலில் நடப்பார்கள். ஆமையின் தடத்தைக் கண்டு முட்டைக்குழியைத் தேடுவார்கள். நாய்களும் மனிதர்களும் தீண்டாத காப்பிடத்தில் முட்டைகளைப் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். ஒரு தலைமுறை மாணவர்கள் படிப்பை முடித்துச் சென்றால் அடுத்த தலைமுறை வந்து சேரும். இன்றுவரை அந்த நடை தொடர்கிறது.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சுத் திணறி அவை மாண்டிருக்கலாம் என்று சொல்லப்பட்டது. அந்த இறப்புகளை எண்ணி, குறித்துவைத்து, வெளியுலகிற்கு அறிவித்தவர்களில் கரையில் நடந்த தன்னார்வலர்களும் இருந்தனர். நடந்து பார்ப்பவர்கள் இல்லையென்றால் எண்ணிக்கையே கிடைத்திராது. சாட்சி சொல்வதற்கு முதல் நிபந்தனை, அங்கே இருப்பது.

பாடத்திட்டத்தின் பயணம்

இனி, கல்விக் கூடங்களின் பக்கம் வருவோம். 1972 ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் மனிதச் சூழல் குறித்து ஐ.நா. மாநாடு கூடியது. 1977 இல் திபிலீசி நகரில், சுற்றுச்சூழல் கல்வி எவ்வாறு அமைய வேண்டும் என்று நாடுகள் கூடி வகுத்தன. 1991 ஆம் ஆண்டு வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் பணித்தது. 2003 இல் அதை மீண்டும் வலியுறுத்தியது. நம் பிள்ளைகள் படிக்கும் சூழ்நிலையியல் பாடத்திற்குப் பின்னால் ஒரு தனிமனிதரின் மனுவும் இருக்கிறது. 2015 ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்ற நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 4.7 என்ற பிரிவு, ஒவ்வொரு மாணவரும் உலகக் குடிமை குறித்த அறிவைப் பெற வேண்டும் என்று கூறுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள், பருவநிலை மாற்றம் குறித்து ஓர் இஸ்லாமியப் பிரகடனத்தை வெளியிட்டனர்.

ஆவணங்கள் இவ்வாறு பெருகின. ஆனால் ஆவணத்தால் மட்டும் ஒரு மாணவன் உருவாவதில்லை என்பதற்கு நம் சமுதாயத்திலேயே ஒரு சான்று உண்டு. 1896 ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்த ஸாலிம் அலி, இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து மாமா அமீருத்தீன் தையப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். விளையாட்டுத் துப்பாக்கியால் அவர் வீழ்த்திய ஒரு சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன வகை என்று மாமாவிடம் கேட்டார். மாமா அதட்டி அனுப்பவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்குச் சென்று கேட்கும்படி வழிகாட்டினார். அங்கே செயலாளர் மில்லார்ட், அச்சிறுவனுக்குப் பதப்படுத்தப்பட்ட பறவைகளின் தொகுப்பைத் திறந்து காட்டினார். இந்தியப் பறவையியலின் தந்தை என்று உலகம் போற்றிய ஒருவரின் வாழ்க்கை, ஒரு கேள்வியை மதித்த இரண்டு பெரியவர்களால் தொடங்கியது. பரத்பூர் ஏரியைக் காப்பதிலும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக்காகக் குரல் கொடுப்பதிலும் பின்னாளில் அவர் முன்னின்றார்.

உமர் (ரலி) அவர்கள் பத்ருப் போரில் கலந்துகொண்ட பெரியவர்களின் அவையில் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அமர்த்தியபோது, சிலர் அதை விரும்பவில்லை. அவரிடம் கேள்வி கேட்டு, அவருடைய விளக்கத்தை அனைவருக்கும் முன்பாகக் கேட்கச் செய்து, கலீஃபா அவர்கள் அந்த ஐயத்தைத் தீர்த்தார்கள். அறிவோடு பேசும் இளையவருக்கு அவையில் இடமளிப்பது நம் மரபு.

பிள்ளைகளின் குரலும் பெற்றோரின் அச்சமும்

2018 ஆகஸ்டில் சுவீடன் நாட்டுச் சிறுமி கிரெட்டா துன்பர்க் தம் நாட்டு நாடாளுமன்றத்தின் முன் அமர்ந்தார். அது ‘எதிர்காலத்திற்கான வெள்ளிக்கிழமைகள்’ என்ற இயக்கமாக வளர்ந்தது. 2019 இல் உலகெங்கும் லட்சக்கணக்கான மாணவர்கள் வீதிக்கு வந்தனர். அதற்கு முன்பே, 2017 ஆம் ஆண்டு உத்தராகண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ரிதிமா பாண்டே, ஒன்பது வயதில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனு அளித்திருந்தார். நமக்கு அருகிலுள்ள திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், கரிக்குப் பதிலாகச் சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்களின் முன் உரையாற்றினார். தெருமுனையில் கரி மூட்டித் துணி தேய்ப்பவரின் மூச்சைப் பற்றி ஒரு பிள்ளை கவலைப்பட்டதில் தொடங்கிய பயணம் அது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2020 இல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே முதலில் வந்தது. அதனைப் பிற மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. தமிழகத்தில் தன்னார்வலர்கள் தாமே மொழிபெயர்த்து விளக்கினர். நாடெங்கும் பல லட்சம் கருத்துகள் அமைச்சகத்திற்குச் சென்றன. அந்த நாட்களில் மாணவர் இயக்கத்தின் இணையதளம் ஒன்று முடக்கப்பட்டது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு அனுப்பப்பட்ட அறிவிக்கை, பின்னர் தவறுதலாக அனுப்பப்பட்டதாகக் கூறித் திரும்பப் பெறப்பட்டது. 2021 பிப்ரவரி 13 அன்று பெங்களூரைச் சேர்ந்த இளம்பெண் திஷா ரவி கைது செய்யப்பட்டார். பத்து நாட்களில் நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது.

இவற்றைப் படிக்கும் முஸ்லிம் தாய் ஒருத்தியின் நெஞ்சு அதிர்வது இயல்பு. ‘மற்றவர் பிள்ளைக்கே இப்படியென்றால், நம் பெயரைத் தாங்கிய பிள்ளைக்கு என்ன நேரும்’ என்று அவள் நினைக்கிறாள். அந்த அச்சத்தை எள்ளி நகையாட எவருக்கும் உரிமை இல்லை. பெற்றவளின் கவலையும் ஓர் அமானத்தே.

ஆயினும் அச்சம் ஒன்றே நம் வழிகாட்டியாகிவிட்டால் நேர்வது என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 வர்தா புயல், 2019 குடிநீர்ப் பஞ்சம், 2023 மிக்ஜாம் புயல் என்று பத்தாண்டுகளுக்குள் இவ்வட்டாரம் பட்டது கொஞ்சமல்ல. 2015 இல் பள்ளிவாசல்கள் எல்லா மதத்தவருக்கும் திறந்திருந்தன. நம் இளைஞர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, முதியவர்களைத் தூக்கி வந்தார்கள், உணவு சமைத்தார்கள், கழிவுநீர் புகுந்த வீடுகளைக் கழுவிக் கொடுத்தார்கள். நாடே அதைக் கண்டது. அல்ஹம்து லில்லாஹ். அதே சமுதாயம், ஏரி தூர்க்கப்பட்டு மனைப்பிரிவாகும்போதும் வரத்துக்கால்வாய் அடைபடும்போதும் அந்தச் செய்தியை அடுத்த பக்கம் புரட்டிவிடுகிறது. வெள்ளம் வந்தபின் படகோடு விரைவது நன்மை. வெள்ளத்தைத் தணிக்கும் தாங்கலைக் காப்பதும் அதே நன்மையின் முற்பகுதி.

கப்பலின் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தண்ணீருக்காகத் துளையிட முற்பட்டால், மேல்தளத்தில் இருப்பவர்கள் தடுக்காவிட்டால் அனைவரும் மூழ்குவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஓர் உவமையை விளக்கினார்கள். அந்தக் கப்பலில் முஸ்லிமுக்கென்று தனித்தளம் இல்லை.

அச்சத்திற்கு மருந்து, வேடந்தாங்கல் ஊரார் காட்டிய வழியிலேயே இருக்கிறது. அவர்கள் உண்மையை அறிந்திருந்தார்கள், கூட்டாகச் சென்றார்கள், உரிய அதிகாரியிடம், உரிய முறையில், எழுத்தில் கேட்டார்கள். மனு கொடுப்பது கலகம் அன்று. தம் கணவரால் தமக்கு நேர்ந்ததை முறையிட்டு வாதாடிய கவ்லா (ரலி) அவர்களின் சொல்லை அல்லாஹ் செவியேற்றதாக அறிவிக்கும் அத்தியாயத்திற்கே ‘வாதிடும் பெண்’ என்று பெயர். தமிழகத்தில் நமக்கு இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. காயல்பட்டினத்து மக்கள், தங்கள் ஊரருகே இயங்கும் இரசாயன ஆலையின் மாசு குறித்து அமைப்பாகத் திரண்டு, ஆவணங்களுடன் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். முஸ்லிம்கள் நிறைந்த ஊர், சட்டத்தின் வாசலை உரிமையோடு தட்டியது.

மத்ரஸாவிலும் வீட்டிலும் செய்யத்தக்கவை

ஃபிக்ஹு நூல் எதைத் திறந்தாலும் முதல் பாடம் தஹாரத். அதன் தொடக்கமே தண்ணீர்: எது தூய்மையானது, எது தூய்மையாக்குவது, எது மாசுபட்டது. நிறமும் மணமும் சுவையும் மாறிய நீரின் சட்டத்தைப் பத்து வயதுப் பிள்ளை மனனமாகச் சொல்கிறது. அந்தப் பிள்ளையை ஒருநாள் ஊர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, ‘இந்த நீரின் நிறம் ஏன் மாறியது, மாற்றியவர் யார்’ என்று கேட்டால் பாடம் முழுமை பெறும். ஓடும் ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் வீணாக்காதீர் என்ற போதனை அப்போதுதான் பாலாற்று மணலைப் பார்க்கும் பிள்ளைக்கு உறைக்கும்.

தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்டவற்றை எண்ணிப் பதிவு செய்தால் போதும். எந்தச் சமயத்துப் பிள்ளையும் கலந்துகொள்ளலாம். உண்மையை உள்ளபடி எண்ணிச் சொல்லும் பழக்கம், சாட்சியத்தில் நேர்மையைக் கற்றுத்தரும் பயிற்சியாகவும் ஆகும். கிராம சபைக் கூட்டங்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். தந்தையர் அன்று தம் பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று, ஏரியின் வரத்துக்கால்வாயைப் பற்றி ஒரு கேள்வியேனும் எழுப்பலாம். வாக்குரிமை இல்லாத பிள்ளையும், கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதைக் கண்ணால் காணும்.

வாட்ஸப்பில் வரும் ஒவ்வொரு செய்தியையும் பகிர்வது குரல் கொடுப்பதாகாது. செய்தி வந்தால் தீர விசாரித்தறியுங்கள் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் கட்டளை. எந்த மனுவில் கையெழுத்திடுவதற்கு முன்பும் அதைத் தாய்மொழியில் படித்துப் புரிந்துகொள்வது, ஐயமிருந்தால் ஆசிரியரிடமோ வழக்கறிஞரிடமோ கேட்பது, தனியாகச் செல்லாமல் பலரோடு சேர்ந்து செல்வது, பிற சமயத்து நண்பர்களை உடன் வைத்துக்கொள்வது ஆகிய ஒழுங்குகளைப் பிள்ளைக்குக் கற்பித்துவிட்டால், தாயின் அச்சத்தில் பாதி குறையும். மீதிப் பாதிக்குத் தவக்குல் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை என்றால் நமக்கு ஜும்ஆ. ஓர் ஊரின் ஆண்கள் அனைவரும் ஒரே சமயத்தில் செவிசாய்க்கும் வாய்ப்பு அன்று மிம்பருக்குக் கிடைக்கிறது. ஆண்டுக்கு ஒரு குத்பாவேனும் நம் ஊர் ஏரியைப் பற்றி, நம் ஊர்க் குப்பையைப் பற்றி, நம் ஊர் மரங்களைப் பற்றி அமையட்டும். மறுமை நாள் வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடச் சொன்ன மார்க்கத்தில் இது புதிய போதனை ஆகாது.

தீனுக்கு வெளியே உள்ள விவகாரமா என்ற முதல் கேள்விக்கு, ஹிமாவும் ஹதீஸும் விடை சொல்லிவிட்டன. பிள்ளைக்கு ஏதேனும் ஆகிவிடாதா என்ற இரண்டாவது கேள்விக்கு, 1798 இல் கலெக்டரிடம் சென்ற அந்த ஊரார் விடை சொல்கிறார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்; அச்சமும் இருந்திருக்கும். அன்று அவர்கள் வாய் திறந்து கேட்டதால், பல தலைமுறைகள் கழிந்த பின்னரும் நம் பிள்ளைகள் படாளத்தில் பேருந்து திரும்பும்போது சன்னலோரம் நெருக்கியடித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். நம் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த வானத்தில் பறவைகள் வேண்டுமானால், நாமும் ஒரு கவுலைக் கேட்டுப் பெற வேண்டும். பெற்றதைக் காக்கவும் வேண்டும்.

யா அல்லாஹ்! எங்களிடம் நீ ஒப்படைத்த பூமியை அமானத்தாகப் பேணும் பாக்கியத்தை எங்களுக்கும் எங்கள் சந்ததியினருக்கும் தந்தருள்வாயாக. உண்மையை அறிந்து, அதை அழகிய முறையில் எடுத்துரைக்கும் நாவையும், அச்சத்தை வெல்லும் ஈமானையும் எங்கள் பிள்ளைகளுக்கு வழங்குவாயாக. எங்கள் ஏரிகளை நிரப்பி, அவற்றை நாடிவரும் உன் படைப்புகளுக்கும் எங்களுக்கும் ரஹ்மத்தான மழையைப் பொழிவாயாக. ஆமீன்.